காதுக்கல்லாத சத்தம்

வண்டியில் என்ன சத்தம் வருகிறது என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. கணவர் "கரகரன்னு" என்பார். மனைவி "இல்லவே இல்லை, கீச்சுனு" என்பார். வீடு போய்ச் சேரும் வரை அந்தச் சண்டை ஓயாது. போன மாதம் ஒரு பேராசிரியர் வந்து, தன் காரின் பின்சக்கரத்தில் ஒரு பூனை இருமுவதாகக் கவலையோடு சொன்னார். ஜெசிந்தா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். பூனை எப்படி இருமியது என்று அவரையே இன்னொரு முறை இருமிக் காட்டச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் குறும்பு இருந்தது.

திருச்சியில் தஞ்சாவூர் சாலையில் இருக்கும் கஜேந்திரனின் பழைய கார் நிலையத்தில் அவளுக்கு வேலையே இதுதான். காரணம் தெரியாமல் வரும் சத்தம், காரணம் தெரியாமல் எரியும் விளக்கு, எல்லாவற்றுக்கும் அவள்தான் வைத்தியர். கெட்டிக்காரி என்று பெயரும் உண்டு. ஆனால் அவளுடைய சொந்தக் காரில், அதுவும் இதே நிலையத்தில் வாங்கியதுதான், மாலையில் வீடு திரும்பும்போது பாலக்கரை அருகே இடப்பக்கக் கண்ணாடி தானாகப் பாதி இறங்கிவிடும். சுவிட்சை மாற்றிப் பார்த்தாள், ஒயரை மாற்றிப் பார்த்தாள். பிறகு திட்டிக்கொண்டே ஏற்றிவிட்டுப் போகப் பழகிவிட்டாள். ஊரார் வண்டியையெல்லாம் பார்ப்பவளுக்குத் தன் வண்டியைப் பார்க்க எங்கே நேரம்?

சத்தம் பார்ப்பதோடு அவளுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. விற்க வரும் காரின் மூளையை அழித்து, "இது எல்லாவற்றையும் மறந்துவிட்டது" என்று கையெழுத்துப் போட வேண்டும். கார்கள் தங்கள் சொந்தக்காரரைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த காலத்தில் நடந்த ஒரு கூத்தால் வந்த வினை அது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் விற்ற காரை, யார் யாரிடமோ கை மாறி, அவருடைய மச்சினரே வாங்கிவிட்டார். முதல் வியாழக்கிழமை மாலை அந்தக் கார் பணிவாக, "வழக்கமாப் போற அந்த அம்மா வீட்டுக்குத்தானே?" என்று கேட்டது. மச்சினரின் பக்கத்தில் பெரிய மனிதரின் மனைவியும் உட்கார்ந்திருந்தார். இப்படி அங்கங்கே நாலைந்து குடும்பங்கள் உடைந்த பிறகு அரசாங்கம் மறதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விற்றவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியக் கூடாது. பழைய நினைவு ஏதாவது காரில் மிச்சமிருப்பதைக் கண்டுபிடித்தால், கண்டுபிடித்த அன்றே அழித்துவிட வேண்டும். தவறினால் கையெழுத்துப் போட்டவரின் உரிமம் ரத்து.

அன்று காலை, அங்கே கார் வாங்கியிருந்த தவில்காரர் மாசிலாமணி வந்து நின்றது அந்த உரிமத்துக்கே உலை வைக்கத்தான்.

"ஏம்மா, இன்னைக்கும் சரி பண்ணலேன்னா நான் நேரா மறதி ஆபீசுக்குத்தான் போவேன். பேய் புடிச்ச வண்டிய வித்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துருவேன். நீ நல்ல பொண்ணு, உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா எழுதிக் குடுத்துருவேன்."

"உக்காருங்கண்ணே. முதல்ல காப்பி சாப்பிடுங்க. சத்தம் எப்படி வருது, இன்னொரு தடவை சொல்லுங்க."

சத்தத்தைச் சொல்வதில் மாசிலாமணிக்கு இணை யாருமில்லை. நாற்காலியின் கையில் விரலால் தட்டியே காட்டினார்.

"டவுனுக்குள்ள வந்தா தகிட, தகிட. அப்பப்ப ஒரு தகதிமி. பெரியாஸ்பத்திரி பக்கம் போனா மட்டும் தகிட தகதிமி, தகிட தகதிமி. மூணும் நாலும் ஏழு, மிஸ்ரம்மா! கார் எங்கயாவது மிஸ்ரம் வாசிக்குமா?"

"எங்கேர்ந்து வருது?"

"நான் உக்கார்ற எடத்துக்கு அடியில. இடது தொடைக்குக் கீழ. கூடவே மேல இருக்கற வெளக்கு கண்ணடிக்குது. இந்த வயசுல என்னப் பார்த்துக் கண்ணடிக்க அது ஒண்ணுதான் இருக்கு, அது வேற விஷயம்."

இதற்காக அவர் ஏற்கெனவே சில முறை வந்து போயிருந்தார். முதல் முறை ஜெசிந்தா பழியைத் தவிலின் மேல் போட்டாள். அவர் தவிலை முன் இருக்கையில் உட்கார வைத்து சீட் பெல்ட் மாட்டிக் கூட்டிப் போவது வழக்கம். தோல் அதிர்ந்து சத்தம் வருகிறது, டிக்கியில் வையுங்கள் என்றாள். "டிக்கியில வைக்கறதுக்கு அது என்ன ஸ்டெப்னியா?" என்று அவர் இரண்டு நாள் பேசவில்லை. தவிலை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தும் சத்தம் வந்தது. அடுத்த முறை எலி கடித்த ஒயர் என்றாள். அடுத்த முறை இருக்கையின் போல்ட்டுகளை இறுக்கினாள். சத்தம் அவற்றையெல்லாம் சட்டையே செய்யவில்லை.

"சத்தம் வந்தாக்கூடப் பரவால்லம்மா," என்றார் மாசிலாமணி, குரலைத் தாழ்த்தி. "அதுல ஒரு பெசகு இருக்கு. கடைசித் தட்டு ஒரு மயிரிழை பிந்தி விழுது. எப்பவும். தினம் அதையே கேட்டுக் கேட்டு என் கையும் பிந்த ஆரம்பிச்சுருச்சு. நீடாமங்கலத்துல முகூர்த்தத்தப்ப கெட்டிமேளத்துக்கு முன்னாடி, வாசிப்பை முடிக்க ஒரு தீர்மானம் வச்சேன். கடைசி அடி பிந்திருச்சு. நாயனக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தாரு பாரு ஒரு பார்வை. முப்பது வருசமா என் கூட வாசிக்கறவரு. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம் போல ஆச்சு."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. காப்பியைக் குடித்து முடித்ததும் அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நிலையத்தின் வாசலில் ஒன்றுமில்லை. காலிச் சாலையில் கார் சமர்த்தாகப் போனது. பால்பண்ணை ரவுண்டானாவுக்கு வந்ததும் இருக்கைக்கு அடியில் டொக் டொக் டொக் என்றது. மேலே விளக்கு சிமிட்டியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சிறிது தூரம் போனதும் இடப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ அலறிக்கொண்டே நுழைந்தது. இப்போது நான்கு தட்டு.

"தகதிமி," என்றார் மாசிலாமணி, சாலையைப் பார்த்தபடியே.

"அண்ணே, ஒரு ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கிப் பின்னால் போய், வாயில் இரண்டு விரலை வைத்து ஓங்கி ஒரு விசில் அடித்தாள். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மாசிலாமணி கத்தினார்: "தகிட!"

அவள் இடப்பக்கம் வந்து அடித்தாள். "தகதிமி!"

எதிரே நின்று அடித்தாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் ஓடிவந்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்கள் பளபளத்தன. "அண்ணே, இது ஒடசல் சத்தம் இல்ல. வெளிய சத்தம் கேட்டா உள்ள தட்டுது. எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பார்த்துத் தட்டுது. ஆம்புலன்ஸ் வந்தா அதுக்கு ஒரு தனித் தட்டு. அதான் ஆஸ்பத்திரிப் பக்கம் மிஸ்ரம்."

"சரிம்மா, யாரு தட்டறது?"

அந்தக் கேள்விக்கு நிலையத்துக்குத் திரும்பியதும் கஜேந்திரனின் அறையில் வைத்துப் பதில் சொன்னாள். கஜேந்திரன் அங்கிருந்த எல்லாக் காரையும் தன் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போன்ற பூரிப்போடு விற்பவர். ஆனால் 'மிச்சம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"நீதானே அழிச்சே ஜெசி? கையெழுத்துப் போட்டிருக்கியே."

"தலைமை மூளையை அழிச்சேன் சார். சட்டம் சொல்றது அதைத்தான். ஆனா இந்த மாடல்ல சீட் மோட்டாருக்கு ஒரு குட்டி மூளை, வெளக்குக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணுன்னு இருக்கு. நகக்கண் அளவுதான். நீங்க குண்டா ஒல்லியா, சீட்டை எவ்வளவு தள்ளணும், அவ்வளவுதான் அதுங்க கத்துக்கணும். ஆனா பக்கத்து வீட்டுக் கதையை ஒட்டுக் கேக்கற மாதிரி ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டு வேற எதையெல்லாமோ கத்துக்கிட்டிருக்கு. தட்டறது அந்த சீட் மோட்டார்தான். இதுங்களுக்கும் ஞாபகம் இருக்கும்னு கம்பெனிக்காரனே யோசிச்சிருக்க மாட்டான்."

"அப்ப அதையும் அழிச்சுரு. இன்னைக்கே. வித்வானுக்குச் சத்தம் நிக்கும், உனக்கு லைசென்ஸ் நிக்கும், எனக்குக் கடை நிக்கும். வேற பேச்சு இல்ல."

ஜெசிந்தா அழிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

அந்தக் கருவி வேலையைத் தொடங்கும்போது காதைத் துளைக்கிற மாதிரி வீறிடும். அதற்காகப் பெரிய காதுமூடி ஒன்றை வைத்திருந்தார்கள். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கருவியின் முனையை இருக்கையின் ஒயரில் மாட்டி, காதுமூடியைப் போட்டுக்கொண்டு முதல் பொத்தானை அமுக்கினாள். வாசலில் நின்ற மாசிலாமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கருவி சூடாகிவிட்டது. இரண்டாவது பொத்தானை அமுக்கினால் அழிந்துவிடும்.

அமுக்கப் போனவளின் இடது தொடையில் யாரோ தட்டினார்கள்.

மெதுவாகத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேண்டப்பட்டவர் ஒருவர், "ஏய், இங்க பாரு" என்று விரலால் தட்டுவது போல. நான்கு தட்டு. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. காதுமூடிக்குள் அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இடப்பக்கம் தரையில் கருவி வீறிட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அவள் தொடை மட்டும் தெரிந்துகொண்டது.

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று மாசிலாமணி வந்தார். அவள் இறங்கி, காதுமூடியை அவர் தலையில் மாட்டி, அவரை உட்கார வைத்தாள். பின்னால் போய் ஒரு ஸ்பானரால் தகர டப்பாவைத் தட்டினாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. எவ்வளவு நேரம் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டார் போலிருந்தது. கடைசியில் அவரே காதுமூடியைக் கழற்றினார்.

"இது காதுக்கு வாசிக்கலம்மா. உடம்புக்கு வாசிக்குது," என்றார். "எங்க ஊர்த் திருவிழாவுல ஒருத்தர் தவிலுக்குப் பக்கத்துலயே வந்து நிப்பாரு. காது சுத்தமாக் கேக்காது. ஏன் இங்க நிக்கறீங்கன்னு ஜாடையில கேட்டா நெஞ்சத் தொட்டுக் காட்டுவாரு. இது அந்த மாதிரி யாருக்கோ வாசிக்குது."

"ஆமாண்ணே. இந்த வண்டியை ஓட்டினவங்களுக்குக் காது கேக்காது. வண்டிதான் அவங்களுக்குக் காதா இருந்திருக்கு. இந்தச் சத்தத்தை அவங்க ஒரு நாள்கூடக் கேட்டிருக்க மாட்டாங்க. நமக்குத்தான் இது சத்தம்."

மாசிலாமணியையும் கூட்டிக்கொண்டு கஜேந்திரனிடம் போய்ச் சொன்னாள். சட்டப்படி விற்றவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் கஜேந்திரனுக்கு வாயில் எதுவும் தங்காது.

"அடடே, அந்த கேக் செய்யற பொண்ணு! மோனிஷா. அதான் டிக்கியில இன்னும் வெனிலா வாசம் வருது. புதுக்கோட்டை, தஞ்சாவூருன்னு கல்யாணத்துக்கெல்லாம் அதுவே ஓட்டிட்டுப் போயி கேக் எறக்கும். பெரிய கேக் வைக்க எடம் பத்தலைன்னு இதைக் குடுத்துட்டு நம்மகிட்டயே ஒரு வேன் எடுத்துச்சு." அவர் சற்று நிறுத்தினார். "ஆனா பாரு, போன வாரம் வந்து வேனை வித்துக் குடுங்கன்னு எழுதிக் காட்டுச்சு. ரெண்டு எடத்துல இடிச்சுருச்சாம். தனக்கு வண்டி ஓட்டவே மறந்துபோச்சுன்னு எழுதுச்சு. கல்யாண ஆர்டரையெல்லாம் வேணாம்னு சொல்லிட்டிருக்காம்."

 

"மறந்தது அவங்க இல்ல சார்," என்றாள் ஜெசிந்தா. "அவங்களுக்குத் தட்டிச் சொல்ல புது வேனுக்குத் தெரியல. அது அவங்களுக்குத் தெரியாது. இத்தனை வருசமா வண்டி தட்டிச் சொல்லுதுன்னே அவங்களுக்குத் தோணியிருக்காது. உடம்பு பழகிப்போனதுல, தானாத் தோணுதுன்னு நெனச்சிருப்பாங்க."

"சரி, அதுக்கு நாம என்ன பண்றது? இன்னைக்குள்ள அழிக்கணும்."

"இன்னைக்கு அழிக்க மாட்டேன்."

"ஜெசி, உன் லைசென்ஸ்."

"தெரியும் சார்." அந்த உரிமம் போனால் இந்த ஊரில் எந்த நிலையத்திலும் அவளுக்கு வேலை கிடைக்காது. மாசிலாமணியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நாளைக்கு அந்தப் பொண்ணை வரச் சொல்லிப் பார்க்கறேன், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க. ஆபீசுக்குப் போயிராதீங்க."

"நாளைக்கு எனக்கு மன்னார்குடியில கச்சேரி." பக்கத்தில் வைத்திருந்த தவிலை ஒருமுறை பார்த்தார். "போகட்டும், பஸ்ல போயிக்கறேன். இதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தா ஜன்னலோரமா உக்காந்து வரும். ஆனா அந்தப் பொண்ணு வரும்போது நான் இருக்கணும். காலைலயே வரச் சொல்லு."

மறுநாள் காலை மோனிஷா தன் கணவர் ஸ்டீபனோடு வந்தாள். வேனை அவர்தான் ஓட்டி வந்தார். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஸ்டீபன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் பயந்த சுபாவக்காரர். வாயால் பேசுவதைவிடக் கையால் அதிகம் பேசிப் பழகியதால் சாதாரண "வணக்கம்"கூட அவரிடம் முழு நடிப்போடு வந்தது. மோனிஷா நெடுநெடுவென்று உயரமாக, யாரையும் நேராகப் பார்க்கிறவளாக இருந்தாள். வேனை விற்க ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

பட்டறையில் தன் பழைய காரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஜெசிந்தா எதையும் விளக்கவில்லை. ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று சைகையால் கேட்டுச் சாவியை நீட்டினாள். மோனிஷா தயங்கினாள். மாட்டேன் என்று தலையசைத்தாள். பிறகு, இது பழைய கார்தானே என்று நினைத்தோ என்னவோ, வாங்கிக்கொண்டாள். ஜெசிந்தா முன்னால் உட்கார, ஆண்கள் இருவரும் தவிலோடு பின்னால் நெருக்கிக்கொண்டார்கள்.

முதல் நூறு அடிக்கு ஸ்டியரிங்கை அவள் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ரவுண்டானாவில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. தகிட. அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரமமே இல்லாமல் ஒதுங்கினாள். இடப்பக்கம் ஆட்டோ. தகதிமி. கார் மெல்ல வேகம் குறைந்தது. ஆஸ்பத்திரி வளைவில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தபோது அவள் எல்லோருக்கும் முன்பே ஓரம் கட்டி நின்றிருந்தாள். தோள்கள் தளர்ந்திருந்தன. சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து அறையில் உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் ஜெசிந்தா சொன்னாள், அதை ஸ்டீபன் கைகளால் சொன்னார். மோனிஷாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. வேகமாகக் கைகளை அசைத்தாள்.

ஸ்டீபன் தரையைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார். "காது கேக்காதவளால ஓட்ட முடியாதுன்னு சொன்ன எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டினேன், இப்ப பார்த்தா நான் ஓட்டவே இல்லையா, வண்டிதான் ஓட்டுச்சான்னு கேக்கறா."

மாசிலாமணிதான் முந்திக்கொண்டார்.

"தம்பி, அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்கு நாயனக்காரர் எடுத்துக் குடுக்கறாரு, நான் வாசிக்கறேன். அதுக்காக நான் வாசிக்கலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இந்த வண்டி எனக்கும்தான் இத்தனை நாளாத் தட்டிக் காட்டுச்சு. நான் என்ன பண்ணினேன்? பேய்னு சொல்லி எலுமிச்சம்பழம் கட்டினேன். அவங்க ஓட்டினாங்க."

ஸ்டீபன் எலுமிச்சம்பழத்தைக் கையால் காட்டியபோது மோனிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவள் ஏதோ யோசனையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டீபன் அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. காது கேளாதவர் வீடுகளில் கூப்பிடும் வழக்கப்படி, மேசையை விரலால் தட்டினார். அதிர்வு அவள் முழங்கைக்குப் போயிற்று. அவள் திரும்பினாள்.

மாசிலாமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இன்னொரு தடவை தட்டுங்க."

ஸ்டீபன் மிரண்டுபோய்த் தட்டினார். டொக் டொக்... டொக். கடைசித் தட்டு ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது.

"இந்தக் கைதான்! நீடாமங்கலத்துல என் மானத்தை வாங்கின கை! ஜெசிந்தாம்மா, புடிச்சேன் பாரு!"

ஸ்டீபன் எழுந்து ஓடிவிடுவார் போலிருந்தது. அவரைச் சமாதானப்படுத்தி விஷயத்தை வாங்க ஜெசிந்தாவுக்குச் சற்று நேரம் ஆயிற்று. மோனிஷா ஓட்டப் பழகிய புதிதில் ஒரு வருடம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போயிருக்கிறார். பின்னால் வண்டி வந்தால் அவள் தொடையில் மூன்று தட்டு. இடப்பக்கம் என்றால் நான்கு. ஆம்புலன்ஸ் என்றால் பயத்தில் மூன்றும் நான்குமாக ஏழு. அவள் கவனிக்காவிட்டால் வீட்டில் செய்வது போல விளக்கை அணைத்து எரிப்பார். தாளம் கீளம் எதுவும் அவருக்குத் தெரியாது. கடைசித் தட்டுக்கு முன்னால் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார், கோபித்துக்கொள்வாளோ என்று. அதுதான் அந்த மயிரிழை. ஒரு நாள் அவள், போதும், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். இருக்கை அதற்குள் அவரை முழுசாகப் பாடம் பண்ணிவிட்டிருந்தது.

மோனிஷா கணவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஸ்டீபன் வெட்கத்தில் கூரையைப் பார்த்தார். கஜேந்திரன் திடீரென்று யாருக்கோ போன் பேச வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு வழி தானாகத் திறந்தது. அடுத்தவர் ரகசியம் வேறொருவருக்குப் போகக் கூடாது என்பதுதான் சட்டம். கார் சொந்தக்காரியிடமே திரும்பிப் போனால் யாருடைய ரகசியம் யாருக்குத் தெரியப் போகிறது? இதைச் சொன்னவள் ஜெசிந்தா. நாயனம், தாளம், தவில் எல்லாம் மொத்தமாக ஏறுகிற மாதிரி ஒரு வேன் தனக்கு வேண்டும் என்று நெடுநாளாகவே நினைத்ததாகச் சொன்னவர் மாசிலாமணி. முணுமுணுத்தாலும் கடைசியில் ஒத்துக்கொண்டவர் கஜேந்திரன். குட்டி மூளைகளைப் பற்றி ஜெசிந்தா மறதி ஆபீசுக்கு விவரமாக எழுதி அனுப்பினாள். அதைப் படிக்கவே அவர்களுக்கு ஒரு வருடம் ஆகும், அதற்குள் படிக்க வேண்டும் என்பதையே மறந்துவிடுவார்கள் என்று கஜேந்திரன் அவளைத் தேற்றினார்.

கிளம்பும்போது ஸ்டீபன் பழக்க தோஷத்தில் முன்பக்கக் கதவைத் திறந்தார். மோனிஷா அவரைத் தடுத்து, பின்னிருக்கையைக் காட்டிக் கைகளால் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் ஜெசிந்தா.

ஸ்டீபன் அசடு வழிந்தார். "முன்னாடி ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருக்காராம். அவரு என்னைவிட நல்லாத் தட்டுவாராம்."

மாசிலாமணி வேனில் தவிலுக்கு சீட் பெல்ட் மாட்டிக்கொண்டே, "என்னதான் சொல்லுங்க, தாளம் பெசகுதான்," என்றார். ஆனால் அந்தக் கார் வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை ஜெசிந்தா பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். பாலக்கரை அருகே வந்ததும் இடப்பக்கக் கண்ணாடி சரசரவென்று பாதி இறங்கியது. ஏற்றுவதற்கு விரல் போனது. பாதியில் நின்றது. கண்ணாடி இறங்குவதற்குச் சற்று முன்பு தூரத்தில் ஒரு மணி கிணுகிணுவென்று கேட்டதே. தினமும் கேட்கிற மணிதான்.

காரை ஓரம் கட்டினாள். சோன்பப்டி வண்டிக்காரர் ஒருவர் மணியை வண்டியிலேயே போட்டுவிட்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு ஓடி வந்தார்.

"என்ன சார், இத்தனை நாளா நிக்காமலே போறீங்க! நான் எவ்வளவு தூரம் பின்னாடி..." ஜன்னலுக்குள் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பொட்டலம் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. "நீங்க... சார் வீட்டம்மாங்களா? சார் இங்கல்லாம் நிக்கவே மாட்டாருங்கம்மா. எங்கிட்ட எதுவும் வாங்கினதே இல்ல."

"நான் அவர் வீட்டம்மா இல்லண்ணே. இந்த வண்டியை நான் வாங்கிட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்பாடி. சக்கரை வியாதிங்க அவருக்கு. வீட்ல தெரிஞ்சா கொன்னுருவாங்கன்னு வண்டியில உக்காந்தே சாப்பிட்டு, வாயைத் தொடைச்சிட்டுத்தான் போவாரு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, விரலளவுதான் சாப்பிடுவாரு. மீதியைக் கீழ நிக்கற நாய்க்குப் போட்டுருவாரு." கொஞ்சம் தயங்கினார். "நல்லா இருக்காருங்களா?"

அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. "தெரியலண்ணே. அந்தப் பொட்டலத்தைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் காரில் உட்கார்ந்தே ஒரு விரலளவு வாயில் போட்டுக்கொண்டாள். நூல் நூலாகக் கரைந்தது. நடைபாதையிலிருந்து ஒரு செவலை நாய் எழுந்து, உடம்பைச் சோம்பல் முறித்து, இறங்கிய கண்ணாடிக்குக் கீழே வந்து உரிமையோடு உட்கார்ந்தது. மிச்சத்தை அதற்குப் போட்டாள்.

மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தால் கண்டுபிடித்த அன்றே அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணாடியில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.